பல்லுக்கு வாங்கிய ஷிஃப்ட்

தணிகாசலம் எங்கே உட்காருவதானாலும் முதலில் புறங்கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். பஸ் சீட், டீக்கடை பெஞ்சு, கல்யாண மண்டப நாற்காலி, சொந்த வீட்டுக் கட்டில், எதுவானாலும் அப்படித்தான். பதினெட்டு வருஷமாக இதைப் பார்த்துவரும் அவர் மனைவி மீனம்மாள் என்னிடம் ஒருமுறை சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாயத் தொட்டுப் பாத்துட்டுதான் குந்துனாரு. எங்கம்மாவுக்குக் கோவம். 'இன்னாடி, நம்ம வூட்டுப் பாயி அழுக்குன்னு நெனைக்கிறானா'ன்னு உள்ள வந்து கேட்டுச்சு."

காரணம் எங்கள் தொழிற்சாலையில் இருந்தது. அவர் வேலை செய்யும் ரியாக்டர் மேடையில் ஒரே ஒரு இரும்பு பெஞ்சு. அதை ஒட்டி நீராவிக் குழாய் போகிறது. வால்வு சரியாக மூடாத நாட்களில் பெஞ்சு தோசைக்கல் மாதிரி காயும். வேலையில் சேர்ந்த முதல் வருஷம், 1971இல், தெரியாமல் உட்கார்ந்துவிட்டு ஒரு வாரம் குப்புறப் படுத்திருந்தாராம். அதற்குப் பிறகு கை தானாகவே முந்திக்கொள்ளும்.

தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில், வல்லம் தாண்டி இருக்கிறது. தச்சர்களுக்கான வெள்ளைப் பசையும் பெயின்ட் கம்பெனிகளுக்குப் போகும் பால் போன்ற ஒரு திரவமும் செய்கிறோம். சாலையில் வரும்போதே புளிப்பான பசை வாசனை தெரியும். சட்டையிலிருந்து அது போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. இந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு கொஞ்ச நாள் போலீஸ்காரர்கள் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி டிபன் பாக்ஸ்களைத் திறந்து பார்த்தபோதும் எங்கள் பஸ்ஸை மட்டும் வாசனைக்காகவே சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

ரியாக்டர் என்பது ஐந்து டன் கொள்ளும் மூடிய எஃகு அண்டா. உள்ளே மோனோமர் என்ற திரவத்தை நான்கு மணி நேரம் சிறுகச் சிறுக விடுவோம். அதன் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பசையாகும்போது சூடு கிளம்பும். அண்டாவைச் சுற்றியுள்ள இன்னொரு சுவருக்குள் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எண்பது டிகிரியில் நிற்கவேண்டும். கூடினால் பொங்கும். மிகவும் கூடினால் பால் திரிவதைப்போல மொத்தமும் திரிந்து கெட்டியாகிவிடும்.

இதில் தொல்லை, அண்டா இன்று இருப்பதுபோல் நாளை இருப்பதில்லை என்பதுதான். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் உள்சுவரில் பசையின் மெல்லிய தோல் ஒன்று படிந்துவிடுகிறது. தோல் தடிக்கத் தடிக்க அதே தண்ணீரால் அதே சூட்டை வாங்க முடியாது. தண்ணீர் வால்வைத் தானாகத் திறந்து மூடும் பழைய கன்ட்ரோலர் கருவிக்கு இதெல்லாம் தெரியாது. சுவர் சுத்தமாக இருந்த நாளில் சொல்லிக்கொடுத்ததையே அது திருப்பித் திருப்பிச் செய்யும். மிச்சத்தை ஆபரேட்டர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் மார்ச் மாதம் புதிய கன்ட்ரோலர் வந்தது. தானே கற்றுக்கொள்ளும் வகை. தண்ணீர் வால்வைத் தான் எவ்வளவு திறந்தது, அதற்கு எவ்வளவு சூடு இறங்கியது என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் கணக்குப் போட்டு, அடுத்த பேட்ச்சுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதை ஓட்டிக் காட்டத்தான் என்னை இன்ஜினியராக எடுத்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர் என் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது சரியா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும். அந்த இயந்திரம் சரியாக ஓடினால் சந்தேகம் தீரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். புதிய கன்ட்ரோலரில் தொடர்ந்து இருபது பேட்ச் பழுதில்லாமல் தேறினால் இரண்டு ரியாக்டருக்கு ஓர் ஆபரேட்டர் போதும். கூடுதலாக இருக்கும் ஆட்களில் மூத்தவருக்கு ஸ்டோரில் ஜெனரல் ஷிஃப்ட். காலை எட்டரை முதல் ஐந்து வரை. மூத்தவர் தணிகாசலம்தான். சோதனை பேட்ச் எல்லாவற்றையும் அவர் ஷிஃப்டிலேயே போடச் சொன்னார்கள். மற்ற ஷிஃப்டுகளில் பழைய கன்ட்ரோலர்தான்.

அன்றே என்னைத் தேடி வந்தார்.

"இருபது பேட்ச்சுன்னு மேனேஜர் வாயால சொன்னாரா சார், இல்ல நீங்களா சொல்றீங்களா?"

"அவரே சொன்னார்."

"எய்தி வாங்கிக்கலாமா?"

"எழுதியெல்லாம் தரமாட்டார் தணிகாசலம்."

"அதான பாத்தேன்." பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் சார் போய்த் தம்பி வந்துவிடும். "இருவது வருசம் தம்பி. ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட்டு. எந்தப் பக்கம் தலைய வெச்சித் தூங்கறதுன்னே தெரில. என் பொண்ணு செந்தாமரை இப்ப பத்தாவது படிக்கிது. அது முகத்த வெளிச்சத்துல பாத்து வாரக்கணக்காவுது. ஸ்டோர்ல ஒரு சேர் கீதே, மரச் சேரு, பின்னாடி சாஞ்சிக்கற மாரி. அதுல குந்திக்கினு ரிட்டயர் ஆவணும். வேற ஒண்ணும் வேணாம்."

வேலைமேல் அவருக்குப் பெரிய பற்று எதுவும் கிடையாது. அதை மறைக்கவும் மாட்டார். அலுத்துப்போன மனிதர். அவரிடம் இருந்தது உட்கார வேண்டும் என்கிற ஆசை ஒன்றுதான்.

பேட்ச்கள் தேறின. ஐந்து, எட்டு, பதினொன்று. சார்ட் காகிதத்தில் சிவப்புக் கோடு எண்பதிலேயே நேராகப் போனது. நான் மேனேஜருக்கு அறிக்கை எழுதினேன். மேடைச் சுவரில், "கன்ட்ரோலர் ஆட்டோவில் இருக்கும்போது எந்த வால்வையும் யாரும் கையால் தொடக்கூடாது" என்று எழுதி, கீழே செல்வநாதன் என்று கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். என் கையெழுத்து சுவரில் இருப்பதை நாலைந்து முறை போய்ப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நோட்டு உண்டு. உடை மாற்றும் அறையில் ஆணியில் தொங்கும் நாற்பது பக்க நோட்டு. ஒருவருக்கு அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தால் இன்னொருவர் அவர் ஷிஃப்டைச் செய்வார். ஃபோர்மேன் பலராமன் தலையாட்டினால் போதும், ஆபீஸுக்குப் போகாது. வாங்கியவர், கொடுத்தவர், தேதி, எந்த ஷிஃப்ட் என்று நோட்டில் ஒரு வரி எழுதுவார்கள். பணமாகத் தீர்க்கக்கூடாது. ஷிஃப்டை ஷிஃப்டால்தான் அடைக்க வேண்டும். அடைத்த பிறகு வாங்கியவரே தன் கையால் அந்த வரியின்மேல் கோடு போடவேண்டும். வேறு யார் கோடு போட்டாலும் செல்லாது.

தணிகாசலம் அந்த நோட்டில் எப்போதும் கொடுத்தவர் பக்கம்தான் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஈறு வீங்கியது. துணியை நனைத்துக் கன்னத்தில் கட்டிக்கொண்டு மூன்று வாரம் வந்தார். பதினான்காவது பேட்ச் முடிந்த அன்று, பக்கத்து ரியாக்டரில் அடுத்த ஷிஃப்ட் பார்க்கும் கோபால் அவரைப் பிடித்துக்கொண்டான். கோபாலுக்கு இருபத்தாறு வயது. இன்னும் நிரந்தரமாகவில்லை. நவம்பரில் கன்ஃபர்ம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"யண்ணா, மூஞ்சி பூசணிக்கா மாரி ஆயிட்ச்சி. போய்ப் புடுங்கிக்கினு வாண்ணா. உன் ஷிஃப்ட நான் பாக்கறேன்."

"நாளைக்கி பதினஞ்சாவது பேட்ச்சு போடறாங்கடா."

"மெசினு தானா ஓட்டுது, நீ இன்னா பண்ணப் போற? வேடிக்கதான பாக்கற? அத்த நான் பாக்க மாட்டனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தணிகாசலம் நோட்டை எடுத்து எழுதினார். அவர் எழுதி முடித்ததும் கோபால் எட்டிப் பார்த்து, "பல்லு ஷிஃப்டுன்னு சேத்து எய்துண்ணா, கணக்குல தெளிவா இருக்கட்டும்" என்றான்.

மறுநாள் காலை தணிகாசலம் காஞ்சிபுரத்துக்குப் போனார். நான் ஒரு உதிரி பாகம் வாங்க மறைமலை நகர் போயிருந்தேன். பலராமன் பாய்லர் அறையில் இருந்தார். பதினொரு மணி வாக்கில் ரியாக்டரின் சூடு எண்பத்திரண்டு ஆனது. கன்ட்ரோலர் வால்வைக் கொஞ்சம்தான் திறந்தது. எண்பத்தைந்து. இன்னும் கொஞ்சம் திறந்தது. கோபால் நோட்டீஸைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். தொண்ணூறு ஆனபோது அவன் மோனோமரை நிறுத்தினான். அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட திரவம் பொங்கிக் குழாய் வழியாகக் கூரைவரை அடித்தது. கலக்கும் மோட்டார் முனகி நின்றது. நான் மத்தியானம் திரும்பி வந்தபோது அண்டாவுக்குள் ஐந்து டன் திரிந்து, ஒரே கட்டியாக உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

"மெஷின் அதேதான். பதினாலு பேட்ச் ஓட்டின மெஷின். ஆள்தான் வேற" என்றார் மேனேஜர். கோபாலை அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார்கள். என்னிடம் அறிக்கை கேட்டார்கள். "ஆபரேட்டரின் கவனக்குறைவு காரணமாக இருக்கக்கூடும்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் 'கூடும்' என்ற சொல்லை எதற்குப் போட்டேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். நேர்மைக்காகப் போட்டேனா, தப்பிக்கப் போட்டேனா?

திரிந்த பசையை உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். மேல் துளையைத் திறந்து, காற்று ஊதி, ஒரு நேரத்தில் ஒருவராக உள்ளே இறங்குவார்கள். இருபது நிமிஷத்துக்குமேல் யாராலும் தாங்க முடியாது. முதலில் இறங்கியவர் தணிகாசலம். கன்னத்தில் பஞ்சு வைத்திருந்தார். எட்டு நாள் அந்த வேலை நடந்தது. அந்த எட்டு நாளும் அவர் யாரிடமும் பேசவில்லை. பல் வலி என்று நினைத்தோம்.

நான் பழைய சார்ட்களை எடுத்து விரித்துப் பார்த்தேன். வெளியே போகும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் நீலக்கோடு ஒன்று உண்டு. பதினான்கு பேட்ச்சிலும், உள்ளே சூடு மிக அதிகமாகக் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால், அந்த நீலக்கோடு சின்னதாக ஒரு பள்ளம் இறங்கி ஏறியது. கன்ட்ரோலர் வால்வைத் தொடவே இல்லை, ஆனால் தண்ணீர் கூடுதலாக ஓடியிருக்கிறது. இந்தப் பள்ளத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். கருவியின் நடுக்கம் என்று நினைத்துக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். பதினைந்தாவது சார்ட்டில் அந்தப் பள்ளம் இல்லை.

கன்ட்ரோல் வால்வுக்குப் பக்கத்திலேயே கையால் திருப்பும் சிறிய வால்வு ஒன்று இருக்கிறது. பெரியது பழுதானால் அதைச் சுற்றித் தண்ணீர் விடுவதற்காக வைத்த பைபாஸ். ஆபரேட்டர்கள் அதை மச்சான் என்பார்கள். "ரேஷன் கார்டுல பேர் இருக்காது சார். ஆனா எந்நேரமும் வூட்டுக்குள்ளயே நிப்பான், வேலையும் செய்வான்" என்று பலராமன் ஒருமுறை பெயர்க்காரணம் சொல்லியிருந்தார். பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அன்று மாலை தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனேன். வல்லத்தில் கூரை மாற்றிய ஓட்டு வீடு. மீனம்மாள் டீ கொடுத்தார். பாய் பற்றிய கதையை அவர் சொன்னது அன்றுதான். அவர் உள்ளே போனதும் சார்ட்டை விரித்தேன். தணிகாசலம் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"மச்சானத் தொட்டீங்களா?"

"கால் சுத்து தம்பி. ஒரு பேட்ச்சுக்கு ஒரே ஒரு தபா. மோட்டாரு சத்தம் கொஞ்சம் கம்மும் பாரு, அப்ப கால் சுத்து தொறந்து, கொஞ்ச நேரம் கழிச்சி மூடிடுவேன்."

"நோட்டீஸ் ஒட்டினேனே."

"அதுக்கு முன்னாடி இருவது வருசம் தொறந்துகினு இருந்தனே. முன்னாடியே தொறந்தா அப்பால ஓட வேணாம், முக்கா மணி நேரம் குந்தலாம். அதுக்குத்தான் பழகினது." சற்று நிறுத்தினார். "பொய் சொல்லக் கூடாது. மொத நாலு பேட்ச்சு கை அதுவா போச்சி. அதுக்கு மேல... இருவது தேறணும்னு நெனப்பும் இருந்துது. அந்தச் சேரு கண்ணுல நிக்கிது தம்பி. மெசினு எங்கியாவது கோட்ட வுட்டுட்டா?"

இயந்திரம் கோட்டைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் கால் சுற்றுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால், தான் விட்ட கொஞ்சம் தண்ணீரே போதுமானது என்று அது கற்றுக்கொண்டது. சுவரில் தோல் தடித்துக்கொண்டே போனபோதும், போதும் போதும் என்றே கற்றுக்கொண்டது. அவர் இல்லாத முதல் நாள் அது தான் கற்றதை அப்படியே செய்தது. மேனேஜர் சொன்னதுதான் உண்மை, ஆள்தான் வேறு. கோபால் தவறு செய்யவில்லை. எல்லோரிலும் என் நோட்டீஸை மதித்தவன் அவன் ஒருவன்தான்.

இதை விளக்கினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப பையன் மேல தப்பில்ல."

"இல்லை."

"இத்த சொன்னா ஸ்டோர் போச்சி."

நான் சார்ட்டைச் சுருட்டினேன்.

"ஸ்டோர் இன்னா, வேலையே போவும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு, "நீ ஒண்ணும் சொல்லாத தம்பி. உன் கையெய்த்து செவுத்துல கீது. உன்னியும் சேத்து இழுப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே கேட்டேன். நான்கு நாள். அந்த நான்கு நாளும் காலையில் மேனேஜர் அறை வாசல்வரை போவேன். இன்று எப்படியும் என்று நினைப்பேன். பிறகு என் மேஜைக்குத் திரும்புவேன். அப்பா முதுகில் செங்கல் சுமந்து கட்டிய ஃபீஸ் ஞாபகம் வரும். அதை ஞாபகப்படுத்திக்கொண்டது உண்மையிலேயே அப்பாவுக்காகவா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கோபாலை விசாரணைக்கு அழைத்தார்கள். மேனேஜர், பலராமன், நான். கோபால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "தொடாதன்னு எய்தி ஒட்டிக்கீறாங்க சார், நான் தொடல" என்பதையே மூன்று முறை சொன்னான். மேனேஜர் பேனாவை எடுத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலம் வந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. அவருடைய ஷிஃப்டும் இல்லை.

"சார், பதினாலு பேட்ச்சும் மெசினு ஓட்டல. பாதி அது ஓட்டுச்சி, பாதி நான் ஓட்னேன். மச்சானக் கால் சுத்து தொறந்து வெச்சேன். பையன் அன்னிக்கித் தொறக்கல, அவ்ளோதான்."

மேனேஜருக்கு மச்சான் என்றால் புரியவில்லை. பலராமன் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"நோட்டீஸ் படிக்கலையா நீ?"

"படிச்சேன் சார். கை படிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். சார்ட்டிலும் அது தெரிகிறது என்றேன். "எப்போ பாத்தே?" என்று மேனேஜர் கேட்டார். "இன்னைக்குக் காலைல சார்" என்றேன். தணிகாசலம் என்னைப் பார்த்துவிட்டு உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபாலை அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். தணிகாசலத்தைத் தானாக விலகுவதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்ட்ரோலர் அதுவரை கற்றதையெல்லாம் அழித்து, முதல் பேட்ச்சிலிருந்து தொடங்கினோம். மச்சானுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். சாவி என் மேஜையில் இருக்கிறது. ஸ்டோர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பரில் கோபால் நிரந்தரமானான். தீபாவளி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தணிகாசலத்தைப் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனான். மறைமலை நகரில் ஒரு குடோன் வாசலில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். பகல் டியூட்டிதான், ஆனால் பன்னிரண்டு மணி நேரம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, தன் ஸ்டூலைத் தூக்கி என் பக்கம் போட்டார்.

"குந்துங்க சார்."

நான் வேண்டாம் என்றேன். அவர் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அங்கே நீராவிக் குழாய் எதுவும் இல்லை. பல் பிடுங்கிய பக்கம் கன்னம் உள்ளே போயிருந்தது.

"நாள் பூரா குந்திக்கினேதான் கீறேன்டா. முதுகு வலிக்குது. சாய்ற சேரு தர மாட்டன்றானுங்க, தூங்கிடுவனாம்."

கோபால் நோட்டைப் பிரித்துப் பேனாவை நீட்டினான்.

"இத்த அடிச்சுடுண்ணா. எனக்குப் பாரமா கீது. நீ எனக்கு ஒண்ணும் தர வேணாம். தந்துட்ட."

தணிகாசலம் அந்த வரியைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"செய்யாம எப்புட்றா அடிக்கிறது? நான் உன்கிட்ட வாங்குனது ஷிஃப்டு. வேற எத்தையோ குடுத்துட்டு அடிச்சா நாளைக்கி எவனும் எவனுக்கும் மாத்தி வுட மாட்டான்."

"கேட்லயே வுட மாட்டாங்களே உன்ன."

"அது கீது" என்றார். நோட்டை மூடிக் கோபாலிடம் கொடுத்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்க எழுந்து போனார்.

நோட்டு மறுபடி ஆணியில் தொங்குகிறது. பக்கங்கள் தீர்ந்து புதிய நோட்டு போட்டாயிற்று. ஆனால் கோபால் பழையதை எடுக்கவிடுவதில்லை. அதில் ஒரு வரி தவிர மற்ற எல்லா வரிமேலும் கோடு இருக்கிறது. 17-9-91, முதல் ஷிஃப்ட், வாங்கியது தணிகாசலம், கொடுத்தது கோபால், பல்லுக்காக.